நெஞ்சுச் சூட்டில் வந்த இரத்தம்

நான் முன்பு வேலை பார்த்த ஆய்வுகூடத்திலிருந்து சென்ற மாதம் நஸ்ரின் என்ற பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். புதிய இயந்திரம் வந்திருக்கிறதாம், அதற்கு ஒரு சின்ன விழாவாம். "சேர், நொதியத்தப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லம்" என்றாள். நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று முழுக்க வீட்டில் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கண்டியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் பழைய கூடம் இப்போது கண்ணாடிக் கட்டடம். புதிய இயந்திரம் ஓர் அலுமாரி அளவுக்கு இருந்தது. ஒரு பக்கம் குழாய்களை அடுக்கினால் மறுபக்கம் முடிவு அச்சாகி வருகிறது. அதற்கு நேர்மேலே சுவரில், மாலை போட்டு, எங்கள் பழைய பொறுப்பதிகாரி சிவபாதம் சாரின் படம். "சிவபாதம் சேர்ட காலத்துல ஒரு பிழையான நம்பர்கூட வெளிய போகல்லையாமே?" என்று நஸ்ரின் பெருமையோடு கேட்டாள். போகவில்லைதான். பேச எழுந்து, நொதியம் என்கிற என்சைம் உடம்புக்கு அவசியம் என்று பள்ளிப் பிள்ளையின் கட்டுரை போல நாலு வார்த்தை சொல்லிவிட்டு, கேக்கைக்கூடத் தொடாமல் இறங்கி வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சிரிக்க இதில் ஒன்றுமில்லை.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பையன் படித்து வெள்ளைக் கோட்டுப் போட்ட கதையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ருசியில்லை. படித்தேன், தேறினேன், வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் கற்றதில் பாதி மறந்தும் போனது. நொதியம் என்றால் என்ன என்பதை எனக்கு உண்மையில் விளங்க வைத்தவர் சிவபாதம் சார்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. காலையில் வந்ததும் யாருக்கும் வணக்கம் சொல்லுமுன் தண்ணீர்த் தொட்டியின் வெப்பமானியைக் குனிந்து பார்ப்பார். உடம்புச் சூட்டுக்கு ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் அன்று எங்கள் பாடு திண்டாட்டம். வேலை மேசையில் தேநீர்க் கோப்பையைக் கண்டால் கழுவு தொட்டியில் கொட்டிவிடுவார். பெயர் ஒட்டாத குழாயை யார் கொண்டுவந்தாலும், டொக்டரே கொண்டுவந்தாலும், திருப்பி அனுப்புவார். அவருடைய முக்கியமான சட்டம் ஒன்று உண்டு: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கேளாததைச் சொல்லாதையும்." அந்தக் காலத்தில் அது எனக்குப் பெரிய ஞானமாகத் தெரிந்தது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மாட்டிறைச்சிக் கறியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஏன் இவ்வளவு மெத்தெண்டு கிடக்கு?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சமைத்துக் கொடுத்தது, பப்பாசிக்காயை அரைத்துப் பிசறி வைத்திருப்பார்கள் என்றேன். "அதுதான் நொதியம். இறைச்சி நாரை அறுத்துப் போட்டிட்டு அது தான் தேயாமல் அடுத்த நாருக்குப் போகும். அதால அதை ஊக்கி எண்டு சொல்லுறம். ஆனா இறைச்சியை அறுக்கிற நொதியம் மாவை அறுக்காது. அதின்ர உடம்பில ஒரு பள்ளம் இருக்கு, அந்தப் பள்ளத்தில பொருந்துறதை மட்டுந்தான் அது தொடும்" என்றார். பிறகு கேட்டார்: "பப்பாசிக்காயை முதல்லயே அவிச்சுப் போட்டு அரைச்சுப் பிசறினால்?" இறைச்சி மெத்தென்று ஆகாது என்றேன். "ஏன்? கொதியில அந்தப் பள்ளம் சிதைஞ்சு போகும். குளிரில சிதையாது, சோம்பிக் கிடக்கும். இளஞ்சூட்டில வேகமா வேலை செய்யும். இவ்வளவுதான், போய் வேலையைப் பாரும்." இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரியாதவர் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

நாங்கள் பார்த்த பரிசோதனைகளில் கோலினெஸ்தரேஸ் என்ற நொதியத்தை அளப்பதும் ஒன்று. நரம்பு ஒரு தசையைச் சுருங்கச் சொல்லும்போது ஒரு சிறு திரவத்தைச் சுரக்கிறது. அந்தத் திரவம் அங்கேயே தங்கிவிட்டால் தசை சுருங்கியபடி துடித்துக்கொண்டே இருக்கும். தங்காமல் கண நேரத்தில் அதை உடைத்துத் துப்புரவாக்குவதுதான் இந்த நொதியத்தின் வேலை. மரக்கறிக்கு அடிக்கிற பூச்சி மருந்துகள் சில, நொதியத்தின் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அப்போது துப்புரவு நின்றுவிடும். எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கிப் பார்வை மங்கும், வியர்த்துக் கொட்டும், தசைகள் துடிக்கும். இந்த மருந்துகளில் இரண்டு சாதி. ஒன்று உட்கார்ந்தால் எழும்பாது. மற்றது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தானாக எழும்பிப் போகும். எழும்பிப் போனால் நொதியம் பழையபடி வேலை செய்யும். உடம்புக்குள் மட்டுமல்ல, எடுத்து வைத்த இரத்தக் குழாய்க்குள்ளும் இது நடக்கும். சூடாக இருந்தால் விரைவாக நடக்கும், ஐஸில் இருந்தால் மிக மெதுவாக. கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

அளக்கிற முறை பார்க்க அழகானது. நிறமில்லாத ஒரு கரைசலில் இரத்தத்திலிருந்து பிரித்த நீரைச் சில துளிகள் விட்டால் நொதியம் வேலையைத் தொடங்கும். உடையும் பொருள் கரைசலிலுள்ள இன்னொன்றோடு சேர்ந்து மஞ்சள் நிறம் எழும். மஞ்சள் வேகமாக ஏறினால் நொதியம் நன்றாக இருக்கிறது, மெதுவாக ஏறினால் விஷம் அதைப் பிடித்திருக்கிறது. எத்தனையோ முறை செய்திருந்தும் அந்த மஞ்சள் எழும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும். பாக்கியம் என்ற பெண் வந்த நாளோடு அது போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் இல்லாத பரிசோதனைக்கு நோயாளியின் ஆட்களே இரத்தக் குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியில் எங்களிடம் கொண்டுவருவது அப்போது சர்வசாதாரணம். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாக்கியம் வந்தது ஹேவாஹெட்டப் பக்கத்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து. மழையில் நனைந்து, கம்பளிச் சட்டையோடு கவுண்டர் முன்னால் நின்றார். டொக்டர் எழுதிய துண்டைக் கேட்டேன், கொடுத்தார். குழாயைக் கேட்டேன். திரும்பி நின்று, சட்டைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து என் கையில் வைத்தார். அது கதகதப்பாக இருந்தது.

"எப்ப எடுத்த ரத்தம்மா?"

"காலையிலங்க சார். வழியில மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னுருச்சு. ரொம்ப நேரம் ஆயிருச்சுங்க."

"ஐஸ் ஒண்ணும் தரலையா?"

"ஐஸ் இல்லன்னாங்க. பத்திரமா கொண்டு போன்னாரு டாக்டரு. மலையெல்லாம் பனிங்க சார். வெளிய வச்சா ரத்தம் ஒறஞ்சு போயிருமேன்னு, இங்க நெஞ்சுல வச்சுக் கொண்டாந்தேன். ஆடல, அசையல." பிறகு என் பேச்சைக் கவனித்திருக்க வேண்டும். "நீங்க எந்தத் தோட்டம்ங்க?" என்று கேட்டார். ஹந்தானை என்றேன். அதிலிருந்து சார் போய் அண்ணே வந்தது.

அவருடைய புருஷன் முத்தையா. தோட்டத்தில் வேலை குறைந்தபிறகு பக்கத்தில் ஒரு முதலாளியின் போஞ்சி, கோவா போட்ட மரக்கறி நிலத்துக்குப் பூச்சி மருந்து அடிக்கப் போகிறவர். முதல்நாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாந்தியெடுத்து, வியர்த்து, கண் மங்கி விழுந்திருக்கிறார். விடியும்போது பாதி தேறிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இருந்த சிங்கள இளம் டொக்டர் மருந்தைத்தான் சந்தேகித்திருக்கிறார். "ரத்தத்துல வெசம் தெரிஞ்சா இனி மருந்தடிக்கக் கூடாதுன்னு எழுதித் தாரேன்னாருண்ணே. அந்தத் துண்டு இருந்தா மொதலாளி வேற வேல குடுத்துருவாரு. இல்லன்னா குடிச்சிட்டு விழுந்தான்னுதான் சொல்றாரு. எங்க மனுஷன் குடிக்கிறதில்லண்ணே." அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு துண்டு.

மாதிரியைப் பிரித்துக் கரைசலில் விட்டேன். மஞ்சள் குபுகுபுவென்று ஏறியது. இரண்டாம் முறையும் செய்தேன். அதே வேகம். ஆரோக்கியமான ஆளின் இரத்தம் போல. விடிவதற்குள் பாதி தேறிவிட்டார் என்றால் அது எழும்பிப் போகிற சாதி மருந்தாகத்தான் இருக்க வேண்டும். காலையில் அந்தக் குழாய்க்குள் விஷம் பிடித்திருந்த நொதியம், பாக்கியத்தின் நெஞ்சுச் சூட்டில், நின்ற பஸ்ஸுக்குள், ஒவ்வொன்றாக விடுபட்டிருந்தது. என் முன்னால் எழுந்த மஞ்சள் உண்மையான மஞ்சள். ஆனால் அது குழாய் என் கைக்கு வந்த நேரத்து உண்மை, முத்தையா விழுந்த நேரத்து உண்மை அல்ல.

நான் சாரிடம் போனேன்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, என்னைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"நீர் சொல்லுறது சரியாயிருக்கலாம்."

"அப்ப கீழே ஒரு வரி போடுவோம் சார். மாதிரி சூட்டில் தாமதமாக வந்தது, இந்த முடிவை வைத்து விஷம் இல்லை என்று சொல்ல முடியாது என்று."

"டியூப் சூடாயிருந்தது எண்டு எழுத றிப்போட்டில எங்க இடம் இருக்கு? பேர் சரி, துண்டு சரி, நம்பர் சரி. ரெண்டுதரம் பாத்திருக்கிறீர். இதில பிழை எங்க?"

"நம்பர்ல பிழையில்ல சார்."

"அப்ப நம்பரைத் தாரும், கதையை விடும். டொக்டர் கேட்டது அளவு. சூடோ குளிரோ எண்டு அவர் கேக்கேல்ல." பிறகு, மெல்லிய சிரிப்போடு, "உங்கட தோட்டத்து ஆக்கள் எண்டவுடன உமக்கு நெஞ்சு உருகுது. ஆய்வுகூடத்தில அது கூடாது" என்றார். அந்தச் சிரிப்பை நான் இன்றும் வெறுக்கிறேன். புதிய இரத்தம் கேட்கலாமா என்றேன். "இனி எடுத்து என்ன? ஆள் தேறீட்டான். நல்லதாத்தான் காட்டும்" என்றார். அது சரி. அவர் சொன்ன எல்லாமே சரி. கையெழுத்துப் போட்டு அறிக்கையை உறைக்குள் வைத்து ஒட்டினார்.

பாக்கியத்திடம் வாயால் சொன்னேன், இந்த முடிவை அப்படியே நம்ப வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லுங்கள் என்று. அவர் காதில் விழுந்தது ஒன்றுதான். "வெசம் ஒண்ணுமில்லையாண்ணே? உசுருக்குப் பயமில்லதானே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றே சின்ன ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். இளம் டொக்டர் லீவில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்திருந்த டொக்டர் பொறுமையில்லாமல் கேட்டுவிட்டு, "அறிக்கையில் எழுதியிருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் என்ன செய்ய?" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

முத்தையா மறுபடி மருந்துக் கேனை முதுகில் மாட்டினார். இரத்தம் நன்றாக இருக்கிறது என்ற தாளை முதலாளி மற்ற ஆட்களுக்கும் காட்டினாராம், மருந்தால் ஒன்றும் ஆகாது என்பதற்கு. அடுத்த பயிரின்போது ஒரு காலை, கேன் ஒழுகி முதுகெல்லாம் நனைந்தபடி, மருந்து கலக்குகிற பீப்பாயின்மேல் முத்தையா கவிழ்ந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மருந்து முதுகிலும் இருந்தது, வாயிலும் இருந்தது. எப்படி உள்ளே போனது என்று பிரேத பரிசோதனையில் உறுதியாகச் சொல்லவில்லை. முதலாளி உறுதியாகச் சொன்னார்: மருந்தடித்து அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று கண்டியிலேயே பார்த்தாயிற்று, ஆகவே அவனாகக் குடித்திருக்கிறான். ஆதாரம், எங்கள் அறிக்கை.

பாக்கியம் அந்த அறிக்கையோடு மறுபடி என் முன்னால் வந்து நின்றார். அழவில்லை. "தானா குடிச்சிட்டு செத்தான்னு எழுதப் போறாங்கண்ணே. வேலையில செத்த மனுஷன். பிள்ளைங்க நாளைக்கு என்னன்னு கேக்கும்? நீங்க அன்னைக்கு நம்ப வேணாம்னு சொன்னீங்கல்ல, அத விசாரணையில வந்து சொல்லுங்கண்ணே." சிவபாதம் சாரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டேன். கொடுத்த அறிக்கையை மாற்றும் வழக்கம் இங்கே இல்லை என்றார். நான் விசாரணைக்குப் போவதென்றால் ஆய்வுகூடத்தின் பெயரில் போகக்கூடாது என்றார். லீவு போட்டுவிட்டு என் பெயரில் போனேன்.

திடீர் மரண விசாரணை அதிகாரி கெட்டவர் அல்ல. களைத்துப்போன, வயதான சிங்களவர். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன்: இந்த வகை மருந்து நொதியத்தைப் பிடித்துப் பிறகு விட்டுவிடும், குழாய் சூட்டில் வந்ததால் வழியிலேயே விட்டுவிட்டது, அதனால்தான் நல்லதாகக் காட்டியது. அவர் கையை உயர்த்தினார். "அந்தப் பெண்ணின் புருஷன் விஷயம். அவளுக்கும் விளங்க வேண்டும். தமிழிலும் சொல்லுங்கள்" என்றார். அது மரியாதை. எத்தனையோ அலுவலகங்களில் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காத மரியாதை. அந்த ஒருநாள் மட்டும் அது கிடைக்காமல் போயிருக்கலாம்.

பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தையாவின் பெயரைக் காப்பாற்ற அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. சொன்னேன். "ரத்தத்த ஐஸ்ல வச்சிருக்கணும். சூட்டுல வச்சதால அதுல இருந்த வெசத்தோட அடையாளம் போயிருச்சு." எங்கே வைத்து என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் கை தானாக எழுந்து கம்பளிச் சட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

அதிகாரி அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த எண் பிழையா?"

"பிழையில்லை ஐயா."

"சூட்டில் வந்தது என்று இதில் எழுதியிருக்கிறதா?"

"இல்லை ஐயா."

அவர் பேனையை எடுத்தார். விஷம் அருந்தி மரணம்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "பனியில விட்டிருந்தா அந்த மனுஷன் பேரு தப்பிச்சிருக்குமாண்ணே?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. படபடவென்று கொட்டினேன். ஐஸ் இல்லாமல் அனுப்பியது ஆஸ்பத்திரி, தங்கச்சி. ஒரு வரி எழுத மறுத்தது எங்கள் சார். எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தது அந்த டொக்டர். ஒழுகுகிற கேனை மாற்றிக் கொடுக்காதது முதலாளி. நீங்கள் செய்தது அன்பு. செய்ய வேண்டியதை யார் செய்யவில்லையோ அவர்கள்தான் இதற்குப் பொறுப்பு என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஹேவாஹெட்ட பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது.

"அவங்க எல்லாம் செய்யாம விட்டவங்கண்ணே" என்றார். "செஞ்சவ நான் ஒருத்திதானே."

பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்விட்டார்.